கட்டை மேல் நின்ற வண்டி

இப்போதெல்லாம் இரவல் வாங்குகிறவனுக்கு வெட்கம் கிடையாது. போன மாதம் ஒருத்தன் என் சைக்கிள் பம்பை வாங்கிப் போனான். திருப்பிக் கொடுத்தபோது உள்ளே வாசர் கிழிந்திருந்தது. கேட்டால், "நான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு" என்கிறான். குடையை வாங்கிப் போய்க் கம்பியை ஒடித்துவிட்டு, ஒழுங்காக மடித்துக் கொண்டுவந்து ஆணியில் மாட்டிவிட்டுப் போகிறார்கள். மழை வந்து விரிக்கிறபோதுதான் சங்கதி தெரிகிறது. அதற்குள் மாட்டினவன் முகமே மறந்துபோகும். திருடன் எவ்வளவோ தேவலை. அவனாவது பொருளைத் திருப்பிக் கொண்டுவந்து நம்மை முட்டாளாக்குவதில்லை.

அதனால் நான் ஒருத்தரையும் நம்புவதில்லை. ஒரே ஒரு ஆளைத் தவிர. அவனைப் பற்றிச் சொல்லத்தான் போகிறேன்.

என் பேர் வீரணன். போலீஸ் ஜீப் ஓட்டி ரிட்டையர் ஆனவன். காக்கி போட்டிருந்த காரணத்தால் அருப்புக்கோட்டையில் எல்லாருக்கும் நான் ஏட்டையா. நான் ஏட்டும் இல்லை, படிப்பும் மூன்றாம் வகுப்புக்கு மேல் இல்லை. இருபது வருஷம் இன்ஸ்பெக்டர்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசினதைக் காதில் போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். ஸ்டேஷன் படி ஏறப் பயந்தவர்கள் என்னிடம் வருவார்கள்.

என்னோடு சுற்றுகிறவன் பபூன் கருத்தப்பாண்டி. நாடக மேடையில் சிரிப்பு வேஷம் கட்டுகிறவன். மழைக்காலம் தொடங்கித் தை முடியும்வரை நாடகம் கிடையாது. அந்த மாதங்களில் அவனுக்குத்தான் லீவு, அவன் வாய்க்கு இல்லை.

1968-ஆம் வருஷம், பொங்கல் கழிந்து ஆறாம் நாள். காலை பத்து மணிக்கு நூல்கடை சுப்புராஜ் முதலாளி ஆள் அனுப்பினார். பாலவனத்தம் ரோட்டில் இருக்கிற அவருடைய பழைய பஞ்சுக் குடோனுக்கு உடனே வரவேண்டுமாம். பாண்டியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சைக்கிளை மிதித்தேன்.

அந்தக் குடோனில்தான் குற்றால வண்டி நிற்கும். சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒரு வண்டி வேறு யாரிடமும் இல்லை. உலக யுத்த காலத்து ஆஸ்பத்திரி வண்டி ஒன்றை முதலாளி ஏலத்தில் எடுத்து, உள்ளே நாலு பேர் படுக்கப் பலகைக் கட்டில், ஸ்டவ் வைக்க ஒரு மாடம், கூரைமேல் தண்ணீர்த் தொட்டி எல்லாம் பண்ணி வைத்திருந்தார். ஆனி, ஆடியில் குடும்பத்தோடு குற்றாலம் போவார்கள். அருவிக்கரையில் வண்டியை நிறுத்தி அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்துக்கொள்வார்கள். திரும்பி வந்தால், மழைக்கு முன்னால், புரட்டாசியில் வண்டியை அடைத்துப் போட வேண்டும். அடுத்து தை பிறந்தால்தான் வெளியே எடுப்பது.

அடைத்துப் போடுவது என்றால் கதவைச் சாத்துவது இல்லை. அது ஒரு முழுநாள் வேலை. அடிப்பக்கம் முழுக்கக் கழுவி, வில்பட்டைகளில் கழிவு ஆயில் பூச வேண்டும். எங்கள் ஊர் உப்புத் தண்ணீர் ரேடியேட்டரை அரித்துவிடும் என்பதால் அதைச் சொட்டு விடாமல் வடிக்க வேண்டும். கூரைத் தொட்டியையும் காலி செய்து குழாயைத் திறந்தே விட வேண்டும். பேட்டரியைக் கழற்றி மெக்கானிக் கொண்டுபோய்விடுவான். எலி நுழையாமல் சைலன்சர் வாயில் துணி. கடைசியில் வண்டியை ஜாக்கியில் தூக்கி, நாலு பனங்கட்டை மேல் உட்கார வைக்க வேண்டும். சக்கரம் தரையில் படாமல் ஒரு சாண் உயரத்தில் தொங்கும். அப்போதுதான் டயர் வெடிக்காது.

வருஷா வருஷம் இதைச் செய்கிறவன் பாளையம்பட்டி மெக்கானிக் தனுஷ்கோடி. நான் நம்புகிற ஒரே ஆள் என்று சொன்னேனே, அவன்தான். அந்த யுத்தத்தில் அஸ்ஸாம் மலை ரோட்டில் ஒரே லாரியை நானும் அவனும் மாற்றி மாற்றி ஓட்டியிருக்கிறோம். நான் தூங்கும்போது அவன் ஓட்டுவான். கீழே ஆயிரம் அடி பள்ளம். அப்படியும் தூங்கினேன். அதற்குப் பிறகு வேறு யார் ஓட்டினாலும் எனக்குத் தூக்கம் வந்ததில்லை.

குடோன் வாசலில் முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தைக் கிருத்திகைக்குத் திருச்செந்தூர் போலாம்னு நேத்து தனுஷ்கோடிய வரச் சொன்னேன் ஏட்டையா. அவன் பேட்டரிய மாட்டி, தண்ணி ஊத்தி, கைப்பிடியப் போட்டுச் சுத்துறான், சுத்துறான், அசையல. எஞ்சின் இறுகிக் கெடக்கு. ஹெட்டு வெடிச்சிருக்கு. எவனோ தண்ணியில்லாம ஓட்டியிருக்கான்."

"யாரு?"

"வேற யாரு? காவக்காரன் சோணைமுத்துதான். சாவி அவன்கிட்ட. எவனையோ கூட்டியாந்து ஓட்டவிட்டிருக்கான். பஞ்சு ரூம்ல பூட்டி வச்சிருக்கேன். சாயங்காலம் நாலு மணிக்கு ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறேன்."

"பஞ்சு ரூம்லயா?" என்றான் பாண்டி. "கொடுத்து வச்ச கைதி முதலாளி. லாக்கப்புல மெத்தை தர்ற மொத ஆளு நீங்கதான்."

முதலாளி சிரிக்கவில்லை. "ஸ்டியரிங்ல ஒரு அட்டையே தொங்குது. 'தண்ணி இல்லை, ஓட்டாதே'ன்னு தனுஷ்கோடி எழுதி மாட்டியிருக்கான். படிக்கத் தெரிஞ்சவன் இப்படிச் செய்ய மாட்டான்னு அவனே சொன்னான். சோணைமுத்து கைநாட்டு. ஒங்களக் கூப்பிடச் சொன்னதும் தனுஷ்கோடிதான். 'வீரணனை விட்டுப் பாருங்க, அவன் கண்ணுக்குத் தப்பாது'ன்னான்."

எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

பஞ்சு ரூம் ஜன்னல் வழியாகச் சோணைமுத்துவைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். தலையெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி நின்றான்.

"எனக்கு மாட்டு வண்டிதான்யா ஓட்டத் தெரியும். நான் எங்கயும் போகலய்யா. ஒரு நாள்கூட இந்த எடத்த விட்டு நகரலய்யா."

நான் அவனிடம் போனாயா என்று கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவனை நான் குறித்து வைத்துக்கொள்வேன்.

குடோனுக்குள் போனோம். வண்டி கட்டை மேல் அப்படியே நின்றது. நாலு சக்கரமும் அந்தரத்தில். தரை கூட்டிவிட்ட மாதிரிச் சுத்தமாக இருந்தது. நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். முன் சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால், கறுப்பாக, காய்ந்த தோல் போல ஏதோ ஒட்டிக் கிடந்தது. அடுத்த சக்கரத்துக்கு முன்னாலும் ஒன்று. பின்னால் இரண்டு. ஆக நாலு.

எலுமிச்சம்பழம். அப்பளமாக நசுங்கி, காய்ந்து, டயர்ப் பட்டை அச்சு அதன்மேல் பதிந்து கிடந்தது.

"ஆயுத பூஜைக்கு வச்சிருப்பாங்கண்ணே" என்றான் பாண்டி.

"ஆயுத பூஜைக்கு அஞ்சு நாள் முன்னாலயே வண்டி கட்டைமேல ஏறியாச்சு. அன்னைக்கு நானும் இங்க உக்காந்து டீ குடிச்சுக்கிட்டிருந்தேன். பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வச்சதோட சரி. தொங்குற சக்கரம் எப்படிலே எலுமிச்சம்பழத்த நசுக்கும்? பறந்து வந்து மிதிச்சுச்சா?"

பாண்டி தொங்குகிற சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். "அப்ப எவனோ எறக்கி, பழம் வச்சு, நல்ல நேரம் பாத்துக் களவாண்டிருக்கான். பக்திமான்."

"ஜாக்கி வச்சு எறக்கி, காத்தடிச்சு, பேட்டரி மாட்டி, நாலு சக்கரத்துக்கும் பழம் வச்சவன், ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்த மறந்துட்டானாம். நம்புறியா?"

"நம்ப மாட்டேண்ணே. அவன் மறந்தாலும் பழம் ஞாபகப்படுத்தியிருக்கும்."

நான் ஒரு பழத்தை எடுக்கக் கை நீட்டினேன். பாண்டி பதறிவிட்டான். "ஐயோ, தொடாதீக! நசுங்குன பழத்த எவனாச்சும் தொடுவானா? தாண்டிக்கூடப் போக மாட்டாக. யாரு திருஷ்டியோ ஒங்களப் புடிச்சுக்கும்."

"என்னையப் புடிச்சா அதுக்குத்தான் நட்டம்" என்று நாலையும் பெயர்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஆனால் பாண்டி சொன்னது மண்டையில் நின்றது. தரையைக் கூட்டினவன் டயர்த் தடத்தை எல்லாம் அழித்திருக்கிறான். இந்த நாலை மட்டும் சுற்றிக்கொண்டு கூட்டியிருக்கிறான். மற்ற தடயத்தை அழிக்கக் கை வந்தது. இதைத் தொட வரவில்லை.

வண்டிக்குள் ஏறினோம். டிரைவர் சீட்டுக்கு மேலே, கூரை மூலையில் குளவி கூடு கட்டியிருந்தது. நாலு அறை, ஒட்டி ஒட்டி.

"நல்ல சேதி அண்ணே. குளவி கட்டுனா வீட்டுல பிள்ளை பொறக்கும்பாக. வண்டி முழுகாம இருக்கு. முதலாளிகிட்ட வளைகாப்புக்குச் சொல்லுவமா?"

"அது என்ன நிறம்?"

"செவப்பு."

"வெளிய தரை?"

பாண்டி குனிந்து வாசலைப் பார்த்தான். பாலவனத்தம் ரோட்டில் கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல். மழை பெய்தால் காலில் அப்பிக்கொண்டு செருப்பையே பிடுங்கும். "கறுப்புண்ணே" என்றான் மெதுவாக.

"குளவி மண்ணெடுக்க மதுரைக்கா போகும்? பக்கத்துல கெடக்கறதத்தான் எடுக்கும்."

"குற்றாலத்துல கட்டியிருந்தா? அங்க செம்மண்ணுதான?"

"அடைக்கிற அன்னைக்கு உள்ள துணி போட்டுத் தொடைச்சது நான். இந்த மூலையில ஒண்ணும் இல்ல."

ஒரு அறை கட்டி, புழுவைத் திணித்து, வாயை மூட ஒன்றிரண்டு நாள் ஆகும். நாலு அறைக்கு ஒரு வாரம். ஆகவே வண்டி மழைக்காலத்தில் ஏதோ செம்மண் செவல் காட்டில் ஒரு வாரம் நின்றிருக்கிறது. எங்கள் பக்கம் செவல் என்றால் திருச்சுழி தாண்டித்தான். ஒரு வாரம் வண்டி இல்லாத குடோனை இந்தக் காவல்காரன் எப்படிக் காத்தான்?

அவன் குடிசை குடோனுக்குப் பின்னால். சம்சாரம் வெள்ளைத்தாய் வாசலில் குத்த வைத்து அழுதுகொண்டிருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தேன். பொங்கல் கழிந்து ஆறு நாள். எந்தக் குடிசையிலும் கூரை முகப்பில் வேப்பிலையும் கண்ணுப்பூவும் சேர்த்துக் காப்புக் கட்டியிருப்பார்கள். சுவரில் காவிப்பட்டை இருக்கும். இங்கே ஒன்றும் இல்லை. சாவு விழுந்த வீட்டில்தான் பொங்கல் கிடையாது.

"யாருக்கும்மா துட்டி?" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "என்னையப் பெத்த அய்யாவுக்கு."

"எப்ப?"

"கார்த்திகையில. கமுதிக்கு அங்கிட்டு. எட்டு நாளு இழுத்துக்கிட்டுக் கெடந்தாக."

"நீ மட்டுமா போன?"

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பாண்டி அவள் முன்னால் உட்கார்ந்தான். மேடைக் குரலை விட்டுவிட்டு, சாதாரணமாகச் சொன்னான்: "தாயி, நாலு மணிக்கு ஒம் புருசன போலீஸுக்காரன் கூட்டிட்டுப் போயிருவான். அதுக்கு முன்னாடி வாயத் தொற."

"சொன்னா வேலை போயிரும்யா. காவல விட்டுட்டுப் போனாகன்னு தெரிஞ்சா முதலாளி இந்தக் குடிசையில இருக்க விட மாட்டாக. ஏட்டையா, நீங்க அவுககிட்டச் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

"சத்தியமா?"

"நான் சத்தியம் பண்றதில்ல. சொல்ல மாட்டேன்னா சொல்ல மாட்டேன்."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு பேருமாத்தான் போனோம். லீவு கேக்கப் பயந்துக்கிட்டு எம் புருசன் போக மாட்டேன்னாக. மெக்கானிக் அண்ணாச்சிதான், 'கடைசி மூச்சு காத்துக்கிட்டு இருக்காது, போயி மொகத்தப் பாருங்க. குடோன நான் பாத்துக்கிறேன், சாவியக் குடுத்துட்டுப் போங்க'ன்னாக. அந்த மகராசன் இல்லாட்டி நான் எங்க அய்யா மொகத்தப் பாத்திருக்கவே மாட்டேன். அவுக பேரச் சொல்லிக் காட்டிக்குடுக்கக் கூடாதுன்னுதான்யா எம் புருசன் வாயத் தொறக்காம கெடக்காக."

நான் எழுந்து சைக்கிள் நின்ற இடத்துக்குப் போனேன். பாண்டி பின்னாலேயே வந்தான்.

"அண்ணே. பேட்டரியும் அவருகிட்டதான் இருந்துச்சு."

"வாய மூடுலே."

"மூடிக்கிறேன். ஊர்ல நாய் கொலைச்சாக்கூட எந்த நாய்னு சந்தேகப்படுற ஆளு நீங்க. காலையிலருந்து ஒருத்தர் பேரு மட்டும் ஒங்க வாயில வரல. அதத்தான் சொன்னேன்."

அவனை அறையத்தான் கை போனது. ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன். பாளையம்பட்டி போய்ச் சேரும்வரை நானும் பேசவில்லை, அவனும் பேசவில்லை. அவன் பேசாமல் வந்தது அன்றைக்குத்தான்.

தனுஷ்கோடி பட்டறையில் ஒரு லாரிக்கு அடியில் கிடந்தான். என் காலைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டான்.

"ஏலே வீரணா! முடிச்சிட்டியா? இரு, டீ சொல்றேன்."

வெளியே வந்து கையைத் துடைத்தான். நான் பையிலிருந்து நாலு பழத்தையும் எடுத்து அவனுடைய ஸ்பேனர்ப் பெட்டிமேல் வைத்தேன். தனுஷ்கோடி ஓரடி பின்னால் போனான்.

"அங்கிட்டு எடுலே. பெட்டிமேல வைக்காத."

"காஞ்சு போச்சு. கடிக்காது. கையில எடு."

அவன் எடுக்கவில்லை.

"குடோன் முழுக்கக் கூட்டியிருக்க. தடத்த அழிச்சிருக்க. இந்த நாலயும் மட்டும் சுத்தி வளைச்சுக்கிட்டுப் போயிருக்கு வெளக்குமாறு. குளவிக் கூட்டக்கூட ஒடைக்கல. பிள்ளை பாவம்னு விட்டியா?"

தனுஷ்கோடி பழைய டயர்மேல் உட்கார்ந்தான்.

"ஒரு புள்ளத்தாச்சிடா. திருச்சுழிக்குத் தெக்க, காட்டுக்குள்ள. கார்த்திகை மழை. பஸ்ஸு இல்ல. சொந்தக்காரன் ஓடியாந்து கால்ல விழுந்தான். படுக்க வச்சுக் கொண்டுபோற வண்டி நம்ம ஊர்ல அது ஒண்ணுதான். முதலாளி அந்த வாரம் சேலத்துல. யாரக் கேக்க? எடுத்துட்டேன். மதுரையில கொண்டுபோய்ச் சேத்தேன். திரும்பக் கொண்டுவிடப் போன எடத்துல ஓஸ் பைப்பு வெடிச்சு, தண்ணியெல்லாம் போயி, எஞ்சின் இறுகிப்போச்சு. எட்டு நாளு அந்தச் செவக்காட்டுல கெடந்து பாத்தேன். முடியல. மாடு கட்டி இழுத்துட்டு வந்து, கட்டையில ஏத்திட்டேன்."

"அட்டை?"

"அப்புறமா எழுதி மாட்டுனதுதான்."

"சோணைமுத்து?"

"முதலாளி நாலு வார்த்தை வஞ்சிட்டு விட்டுருவாருன்னு நெனச்சேன். ஸ்டேஷன் வரைக்கும் போவாருன்னு தெரியல."

"என்னைய எதுக்குலே கூப்பிடச் சொன்ன?"

அவன் துடைத்த கையையே திரும்பத் துடைத்தான். நான் விடவில்லை. "முதலாளி வேற யாரையாச்சும் கூப்பிட்டிருப்பாரு. நீதான் என் பேரச் சொன்ன. எதுக்கு?"

"நீ எல்லாப் பக்கமும் பாப்ப" என்றான். "எம் பக்கம் பாக்க மாட்டன்னு நெனச்சேன்."

அவ்வளவுதான். வண்டி போனால் போகிறது. எஞ்சின் வெடித்தால் புதிது வரும். இருபத்தைந்து வருஷமாக ஊரையே சந்தேகப்பட்டு, அவனுக்கென்று ஒரு ஜன்னலை மட்டும் தாழ்ப்பாள் போடாமல் வைத்திருந்தேன். அந்த ஜன்னல் வழியாகத்தான் அவன் ஏறிக் குதித்திருக்கிறான்.

"நாலு மணிக்கு முன்னாடி நீயே வந்து சொல்லிரு" என்றேன்.

"வாரேன். நானே சொல்றேன்" என்றான். அந்த மட்டுக்கும் ஆளாக இருக்கிறானே என்று நினைத்தேன்.

மூன்றரை மணிக்கெல்லாம் வந்துவிட்டான். குளித்து, திருநீறு பூசி, சலவைச் சட்டை போட்டிருந்தான். முதலாளி முன்னால் கைகட்டி நின்று சொன்னான். பட்டறையில் நாலே வார்த்தையில் சொன்ன புள்ளத்தாச்சி இங்கே அரைமணி நேரம் வலியில் துடித்தாள். மழை இரண்டு மடங்காகப் பெய்தது. பாலத்துக்கு மேல் வெள்ளம் போனது. முதலாளி துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு உசுரு இல்லப்பா, ரெண்டு உசுரு! என் வண்டி இதுக்குப் பயன்பட்டுச்சுன்னா அது எனக்குப் புண்ணியம். என்கிட்டச் சொல்லியிருந்தா நானே சந்தோசப்பட்டிருப்பேனே. எஞ்சின நீயே எறக்கி வேலையப் பாரு."

சோணைமுத்துவைத் திறந்துவிட்டார்கள். அவன் பஞ்சைக்கூடத் தட்டாமல் வந்து தனுஷ்கோடியைப் பார்த்துக் கும்பிட்டான்.

அப்போது முதலாளி கேட்டார்: "ஆமா, வண்டி எட்டு நாள் வெளிய இருந்திருக்கு. காவக்காரன் எங்க போயிருந்தான்?"

நான் தனுஷ்கோடியைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

"அவன் அப்ப ஊர்ல இல்ல முதலாளி. மாமனார் வீட்டுக்குப் போயிட்டான். காவல விட்டுட்டுப் போகாதடான்னு நான் சொல்லிப் பாத்தேன். கேக்கல."

"ஏலே!" என்று கத்தினேன். "நீதானடா அனுப்புன! சாவிய வாங்கி வச்சுக்கிட்டு நீதானடா அனுப்புன!"

சோணைமுத்து கும்பிட்ட கையைக் கீழே இறக்க மறந்து நின்றான். "அண்ணாச்சிதான்யா போகச் சொன்னாக" என்றான்.

"பெரிய மனுசன் மேல பழி போடாத" என்றார் முதலாளி. "செஞ்சத ஒத்துக்கிட்டு வந்து நிக்கிறவன் இதுல மட்டும் பொய் சொல்வானா? நீ காலையில என்ன சொன்ன? ஒரு நாள்கூட நகரலன்ன. யாரு பொய்யன்? போலீஸுக்கு விடல, அதுவே பெருசு. பொழுது சாயறதுக்குள்ள குடிசையக் காலி பண்ணிரு."

"முதலாளி, ஒண்ணே ஒண்ணு கேளுங்க" என்றேன். பழத்தை எடுத்து நீட்டினேன். "கால்ல விழுந்து அவசரமாக் கூப்பிட்டானாம். வலி கண்ட பொம்பள காட்டுல கெடக்காளாம். அந்த நேரத்துல இவன் நாலு எலுமிச்சம்பழம் எங்க தேடுனான்? எது அவசரம்? அவசரத்துக்குப் போறவன் பழம் வைக்க மாட்டான். நாள் பாத்து, வாடகைக்கு மொத சவாரி நல்லா அமையணும்னு போறவன்தான் வைப்பான்."

முதலாளி தனுஷ்கோடியைப் பார்த்தார்.

"சாமி படத்துக்கு முன்னாடி கெடந்துச்சு முதலாளி" என்றான் அவன். "தொழில் பழக்கம். கை தானா வச்சிருச்சு."

"பாத்தீகளா?" என்றார் முதலாளி. "விடுங்க ஏட்டையா. நல்ல காரியத்துல ஓட்டை தேடாதீக. ஒங்க வேலை முடிஞ்சிருச்சு."

வெளியே வந்தேன். வெள்ளைத்தாய் ஏற்கெனவே பானை சட்டியைப் பாயில் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கை நின்றது.

"சொல்ல மாட்டேன்னீகளேய்யா."

"நான் சொல்லலம்மா."

அவள் என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பிறகு குனிந்து முடிச்சை இறுக்கினாள். நம்பவில்லை. எதற்கு நம்ப வேண்டும்? அவள் இடத்தில் நான் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

"கட்டுன கயிற விடு தாயி, நான் தூக்கிக்கிறேன்" என்று பாண்டி போனான். அவள் அவனையும் தொடவிடவில்லை.

சைக்கிளை உருட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஏறினபோது பின்னால் செருப்புச் சத்தம். தனுஷ்கோடி மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"வீரணா, நில்லுலே. சோணைமுத்துக்கு நான் வேற எடத்துல வேலை பாத்துக் குடுக்கிறேன். முதலாளி என்னையும் கழட்டிவிட்டுட்டா என் பொழப்பு என்னாகும்னு பயந்துட்டேன். ஆனா நான் சொன்னது நெசம்லே. அந்தப் பொம்பள, மழை, எல்லாம் நெசம். நீகூட நம்பலையா?"

நான் நின்றேன். "பொறந்தது ஆம்பளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையா?"

நட்டுக்கு ஏற்ற ஸ்பேனரைப் பெட்டியில் துழாவுகிறவன் மாதிரி அவன் கண் ஒரு நொடி கீழே போய் வந்தது.

"ஆம்பளப் புள்ள" என்றான்.

"சரி" என்றேன்.

பாண்டி ஓடி வந்து சேர்ந்துகொண்டான். கொஞ்ச தூரம் போனதும், "நெசமா இருந்தாலும் இருக்கும்ணே" என்றான். "குளவிகூடக் கட்டியிருக்குல்ல?"

"ஏறு" என்றேன்.

அவன் பின்னால் ஏறிக்கொண்டான். தனுஷ்கோடி இன்னும் நடுரோட்டில் நிற்கிறானா, திரும்பிக் குடோனுக்குப் போய்விட்டானா என்று நான் பார்க்கவில்லை. சட்டைப் பையில் அந்த நாலு எலுமிச்சம்பழமும் மிதிக்கு ஒரு தடவை சலசலத்துக்கொண்டே வந்தன.